இடது காலின் அபிப்பிராயம்

மெஹபூப் பாஷாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் உண்டு. அதற்கும் பின் சக்கரத்தில் காற்று நிற்காது. ஆனால் மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு மூன்று பேட்டையிலும் எந்த வீட்டு வாசலில் எந்தக் கார் நிற்கிறது, அதன் கிளட்ச் எவ்வளவு கனம், அதன் முதலாளி ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தச் சாமியைக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பாஷா ஆக்டிங் டிரைவர். நடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கார் வாங்கிவிட்டு அதை ஓட்ட ஆள் தேடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்கள் போன் செய்தால் போய், அவர்கள் காரை அவர்களுக்காக ஓட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கச்சேரி ரோட்டுப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து வருவார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் ஒரு வசதி. காரை வாங்கினவன் அந்தக் காரைக் குறை சொல்ல முடியாது, மனசு கேட்காது. பாஷாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோடி ரூபாய் வண்டியைப் பார்த்து, "சீட்டு நல்லாகீது, மத்தது சுமாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

"ஊருல கீற காரெல்லாம் உங்க மச்சான் மாதிரி பேசறீங்க. நம்ம சைக்கிளுக்குக் காத்து அடிங்க மொதல்ல" என்பாள் மனைவி ஹாஜிரா பீ.

பாஷா குறையே சொல்லாத கார் உலகத்தில் ஒன்றுதான். அபிராமபுரம் ஸ்ரீநாத் சாருடைய சிவப்பு வண்டி. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. முதலை மாதிரி. அதில் ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வருவதுதான் ஏறுவது.

ஸ்ரீநாத்துக்கும் பாஷாவுக்கும் பழக்கமான கதை கொஞ்சம் விசேஷமானது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சிவப்பு வண்டி வாங்கின முதல் வாரம், ஸ்ரீநாத் அதைத் தானே ஓட்டிக்கொண்டு லஸ் முனைக்கு வந்தார். சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு பஸ். அந்த டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஸ்ரீநாத் என்ன செய்தார் தெரியுமா? கதவைத் திறந்தார், இறங்கினார், நடந்தார். சாவி வண்டியிலேயே இருக்கிறது. கதவு திறந்தபடி கிடக்கிறது. மனிதர் ஏதோ கறிகாய் வாங்கப் போகிறவர் மாதிரி பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருக்கிறார்.

தொழுகை முடித்து அந்தப் பக்கமாக வந்த பாஷா பார்த்தார். வண்டியைப் பார்த்தார், நடக்கிற மனிதரைப் பார்த்தார். வண்டிக்குள் இறங்கினார், எடுத்தார், ஐம்பது அடி தள்ளி அந்த மனிதருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "ஏறுங்க சார்" என்றார். ஸ்ரீநாத் இடது பக்கம் ஏறினார். அன்றைக்கு ஏறினவர்தான். அந்தச் சிக்னலைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

ஸ்ரீநாத்துக்கு கிளட்ச் சரிவரவில்லை, அதுதான் பயம் என்று பாஷா முடிவு கட்டிக்கொண்டார். அந்த வண்டியின் கிளட்சும் லேசுப்பட்டது இல்லை. அதை மிதிப்பதும் மாவாட்டுவதும் ஒன்று.

இப்படிப்பட்ட ஸ்ரீநாத்தான் ஊரிலேயே பெரிய கார் ரசிகர். அவரும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மயிலாப்பூர்க்காரர்கள் நாலு பேர் எதை ஆரம்பித்தாலும் அது கடைசியில் சபாவாகத்தான் முடியும் இல்லையா, அதனால் அதன் பெயர் சிலிண்டர் சபா. ஞாயிறுதோறும் காலை ஆறரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக வந்து நிற்கும், என்ஜினை உறும விடும், மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார்கள். தலைவர் சங்கரன், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, விமர்சனம் சொல்வார். "மேல் ஸ்தாயில கொஞ்சம் கரகரப்பு. ஆயில் மாத்தினேளா?" என்பார். "மந்தரம் பேஷ்" என்பார். ஸ்ரீநாத் வந்து நின்றால் மட்டும் வாராவாரம் ஒரே விமர்சனம்தான்.

"வண்டி பிரமாதம் ஸ்ரீநாத். ஆனா எடுப்பு சரியில்ல. வர்றச்சே தூக்கித் தூக்கிப் போடறது பாருங்கோ."

தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? அபிராமபுரத்திலிருந்து பத்தொன்பது வேகத்தடைகளையும் குறுக்குவாட்டில் ஏற்றி, அடிவயிறு உரசாமல், குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி கடற்கரை ஓரத்து ஊரூர் ஒல்காட் குப்பம் வரைக்கும் கொண்டு வருவது பாஷா. குப்பத்துச் சந்தில் வண்டி நிற்கும். பாஷா எழுந்து வெளியே வருவார், ஸ்ரீநாத் சுற்றி வந்து உள்ளே இறங்குவார். கடைசி முந்நூறு அடி மட்டும் ஸ்ரீநாத்தின் கச்சேரி. அதற்குள் வண்டி நாலு தடவை விக்கும்.

இந்த மாற்றல் வைபவத்தை வாராவாரம் பார்க்கிறவள் கோமளம். குப்பத்தில் மீன் வியாபாரம். மின்சாரத்தில் ஓடும் லோடு ஆட்டோ ஒன்று வைத்திருந்தாள். முந்நூறு கிலோ மீனை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாள்.

"இன்னா பாய், மாப்ள அழைப்பு முடிஞ்சுதா? பொண்ணு எறங்கிச்சா?" என்பாள்.

"சும்மா இரு கோமளம். சார் காதுல உழப் போவுது."

"உழட்டுமே. அங்க குந்திகினு கீறானே அமீன், அவன் சாரு மட்டும் ஒயுங்கா?"

அமீன் டீக்கடை பெஞ்சில் இருப்பான். அவன் சண்முகவேல் அண்ணாச்சியின் ஆக்டிங் டிரைவர். அண்ணாச்சிக்குத் தி. நகரில் இரும்புக் கடை. சபாவிலேயே பெரிய வண்டி அவருடையது, பின்னால் திறந்த தொட்டி வைத்த ராட்சச டிரக். 'ரெண்டு டன் இழுக்கும்' என்று அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அந்தத் தொட்டியில் இதுவரை ஏறிய ஒரே சரக்கு அவருடைய யோகாப் பாய். கடை இரும்பெல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஒரு பழைய வேனில் போகிறது. டிரக்கில் இரும்பு ஏற்றினால் கீறல் விழுமே.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது பாஷாவின் வாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வண்டியில் போகும்போது ஸ்ரீநாத் கேட்டார்: "பாய், எல்லாரும் எலக்ட்ரிக் எலக்ட்ரிக்னு குதிக்கறாங்களே. உங்க அபிப்பிராயம் என்ன?"

முந்தின நாள்தான் பாஷா யாரோ ஒருவரின் எலக்ட்ரிக் காரை ஓட்டிக்கொண்டு தேனாம்பேட்டை சிக்னலுக்கு வந்திருந்தார். முதலாளி ராத்திரி சார்ஜ் போட மறந்துவிட்டார். சித்திரை வெயிலில் நடு அண்ணா சாலையில் முக்கால் மணி நேரம் நின்ற கோபம் பாஷாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"அது இன்னா சார் காரு? செல்போனுக்கு சக்கரம் மாட்டி உட்டுக்கீறான். சார்ஜ் போட்டா ஓடும், மறந்தா ஊமையாட்டம் நிக்கும். வண்டின்னா உறுமணும் சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத் சபாவில் எழுந்து நின்று, "நான் என்ன சொல்றேன்னா, எலக்ட்ரிக் கார்ங்கறது செல்போனுக்கு மாட்டின சக்கரம்" என்றார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷமானது. சங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுமாதம் சபா விதிகளில் நான்காவதாக, உறுமாத வண்டிக்கு அனுமதியில்லை என்று சேர்த்தார்கள். அடுத்து பனியன் அடித்தார்கள். கறுப்பு பனியனில் வெள்ளை எழுத்து: 'செல்போனுக்குச் சக்கரம் எதற்கு?' மிஞ்சினதில் ஒன்றை ஸ்ரீநாத் பாஷாவுக்குக் கொடுத்தார். சொன்னது யார் என்பது அதற்குள் அவருக்கே மறந்துவிட்டது. பாஷாவும் நினைவுபடுத்தவில்லை. பனியன் துணி நன்றாக இருந்தது.

போன ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னால் பாஷாவின் இடது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில். பிறகு தொழுகையில். ஒரு வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுததை யாரோ வந்து ஹாஜிரா பீயிடம் சொன்னார்கள். அன்று மாலையே அவள் அவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன வேலை பண்றீங்க?"

"டிரைவர் சார்."

"கிளட்ச் வண்டியா?"

பாஷா தன் இடது காலைப் பார்த்தார். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. "அதை விட்டுடுங்க. இல்லேன்னா இந்தக் கால் உங்களை விட்டுடும்."

வீட்டில் ஹாஜிரா பீ உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். "ஸ்ரீநாத் சாருகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா? வேற ஆள் பாத்துக்குவாரு."

"பாத்துக்கட்டும்."

"அந்த வண்டிய வேற ஒருத்தன் தொடறதா?"

ஒத்தடம் ஒரு நொடி நின்றது. "என் முட்டி வலிச்சப்ப இந்த முகம் வரலியே உங்களுக்கு" என்றாள் ஹாஜிரா பீ.

அந்த வாரமே தி. நகரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆக்டிங் போனார். கொடுத்த வண்டி எலக்ட்ரிக். பாஷா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறினார். பனகல் பார்க்கைச் சுற்றி, பாண்டி பஜார் வழியாக, முகூர்த்த நாள் கூட்டத்தில், நிறுத்தி நிறுத்தி இரண்டு மணி நேரம். ஒருமுறைகூட இடது காலுக்கு வேலை வரவில்லை. அது பாட்டுக்கு மிதியடி மேல் கிடந்தது, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி. வண்டியை விட்டு இறங்கும்போது வலிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். வலிக்கவில்லை. பாஷா திரும்பி அந்த வண்டியைப் பார்த்தார். யாரும் பார்க்காத சமயமாக அதன் பானெட்டில் லேசாகத் தட்டிக் கொடுத்தார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஆக, வழி ஒன்றுதான். ஸ்ரீநாத் வீட்டுக்கு எலக்ட்ரிக் கார் வர வேண்டும். வந்தால் பாஷாவின் ஞாயிற்றுக்கிழமை பிழைக்கும். வராவிட்டால் என்றைக்காவது முட்டி அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வீட்டு அம்மா ஹம்சா ஏற்கெனவே எலக்ட்ரிக் கட்சிதான். கெமிஸ்ட்ரி டீச்சர். தினமும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் லஸ் முனையைத் தாண்டிப் போய் வருகிறவள்.

"உங்க சபால ஒருத்தராவது ஒரு நாள் லஸ்ல யு டர்ன் எடுத்துக் காட்டட்டும், நானும் அந்த பனியனை வாங்கிப் போட்டுக்கறேன்" என்று கணவனிடம் அவள் சொன்னதை வாசலில் நின்றிருந்த பாஷா கேட்டிருக்கிறார்.

குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று, பாஷாவின் பழைய அபிப்பிராயம்.

அடுத்த ஞாயிறு மெதுவாக ஆரம்பித்தார். "சார், எலக்ட்ரிக்கு இப்ப முன்ன மாதிரி இல்ல சார். நல்லா வருது."

ஸ்ரீநாத் சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். "பாய்! நீங்களா? செல்போனுக்கு மாட்டின சக்கரம் பாய் அது."

"அது யாரோ சொன்னது சார்..."

"யாரோவா? நான் சொன்னது! கோயம்புத்தூர் கிளப்ல கூட அதைத்தான் சொல்லிண்டிருக்காங்க."

"இழுவை நல்லாகீது சார். காலை வச்சா போதும், பறக்குது."

"பறக்கும். உறுமுமா?"

பாஷா கியரை மாற்றினார். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரோடு வாதாடி ஜெயித்திருக்கிறார். தன்னோடு வாதாட வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த வாசகம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு. அன்று சபாவின் ஆண்டுக் கூட்டம். நான்காவது விதியை எடுக்கலாமா என்று யாரோ இளசுகள் கேட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேசப் போகிறவர் ஸ்ரீநாத். பனியன் போட்டு வரும்படி எல்லோருக்கும் தகவல். பாஷாவிடம் துவைத்த சட்டை வேறு இல்லை. மழைக்காலம், எதுவும் காயவில்லை. அவரும் அதே பனியனில் வந்தார்.

பத்தொன்பதாவது வேகத்தடை வரை முட்டி பொறுத்துக்கொண்டது. குப்பத்துச் சந்தில் வண்டியை நிறுத்தி, அணைத்து, கதவைத் திறந்து, இடது காலை மடக்கினார். மடங்கின கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டது.

"வாங்க பாய், நேரமாச்சு" என்றார் ஸ்ரீநாத்.

பாஷா இரண்டு கையாலும் கதவைப் பிடித்து எழப் பார்த்தார். தரையோடு கிடக்கும் சீட்டு. உடம்பு ஒரு சாண் எழுந்தது, திரும்ப விழுந்தது. நெற்றியில் வேர்வை.

"வர்ல சார்."

"என்ன வரல?"

"காலு சார். மாட்டிக்கிச்சு." அவ்வளவுதான். இத்தனை மாதம் ஒளித்தது இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. "டாக்டரு கிளட்ச மிதிக்காதன்னு சொல்லி நாளாச்சு. நான்தான் உங்களுக்குச் சொல்லல."

ஸ்ரீநாத் பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் அடித்தது. கோமளத்தின் லோடு ஆட்டோ. சந்து குறுகல், மீன் ஐஸில் காத்திருக்கிறது. சத்தமில்லாத வண்டி என்பதால் கோமளம் ஹாரனை மட்டும் பெரிதாக வாங்கி மாட்டியிருந்தாள். அது அடங்கவில்லை.

பாஷா ஸ்ரீநாத்தின் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசினது மாதிரி இருந்தது. கை கதவுப் பிடியைத் தேடிப் போனது. ஒரு கால் வெளியே போய்விட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முதுகு. அப்போதுதான் பாஷாவுக்கு விளங்கியது. இந்த மனிதருக்குக் கிளட்ச் ஒரு காரணமே இல்லை, பின்னால் அடிக்கிற ஹாரன்தான்.

"நடக்காதீங்க சார்" என்றார் பாஷா.

ஸ்ரீநாத் அப்படியே நின்றார்.

"நீங்களும் பூட்டா நான் ஒத்தையா மாட்டிக்குவேன். குந்துங்க."

ஸ்ரீநாத் உட்கார்ந்தார். அதற்குள் கோமளமே இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நிலைமை அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. "தூக்கட்டா பாய்? எறா கூடைய விடவா நீ கனம்?"

"தூக்கினா முட்டி ஒடஞ்சிடும். சந்த உட்டு வண்டி வெளிய போவணும், அவ்ளோதான். கிளட்ச அமுக்க எதுனா குச்சி கீதா?"

அவள் போய் உடைந்த துடுப்பின் கைப்பிடித் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். இரண்டு முழம், உப்பேறி வழவழவென்று. பாஷா தன் இடது காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தார். ஸ்ரீநாத் பக்கத்து சீட்டிலிருந்து கவிழ்ந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, துடுப்பைக் கிளட்சின் மேல் ஊன்றினார்.

"அமுக்குங்க சார். இன்னும். அடி வரைக்கும்." பாஷா சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. முதல் கியர் போட்டார். "இப்ப உடுங்க. மெள்ள. இன்னும் மெள்ள. தூங்கற புள்ளைய கீழ படுக்க வப்பீங்களே, அப்டி."

ஸ்ரீநாத் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார். சிவப்பு வண்டி ஒரு விக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. சந்துக்கு வெளியே திரும்ப ஒரே பக்கம்தான் வழி. அந்தப் பக்கம் கடற்கரை. கடற்கரையில் சபா.

பதினோரு பேரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி வந்தது, வழுக்கிக்கொண்டு வந்தது, "அமுக்குங்க" என்று உள்ளே ஒரு குரல், பூப்போல நின்றது.

"ஸ்ரீநாத்!" சங்கரன் கண் திறக்காமலே கையைத் தூக்கினார். "ஒம்போது வருஷத்துல இன்னிக்குத்தான் எடுப்பு சரியா விழுந்துருக்கு. பேஷ்!"

கண்ணைத் திறந்தார். டிரைவர் சீட்டில் சபா பனியன் போட்ட, தாடி வைத்த யாரோ ஒரு பெரியவர். ஸ்ரீநாத்தைக் காணோம். பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலை கலைந்து, கையில் துடுப்போடு ஸ்ரீநாத் எழுந்தார்.

சங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது யாரு?" என்றார் சங்கரன்.

மூன்று நாலு பேர் மணலைப் பார்த்தார்கள். சண்முகவேல் அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மேகம் ஏதும் இல்லை.

ஸ்ரீநாத் வெளியே வந்து நின்றார். கூட்டத்துக்காக எழுதி வைத்திருந்த காகிதம் பேன்ட் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. "என் வண்டியை ஓட்டறவர். ஒன்பது வருஷமா. கடைசி முந்நூறு அடிதான் நான்" என்றார். பாஷாவின் பனியனைக் காட்டி, "அந்த செல்போன் வாசகமும் இவர் சொன்னதுதான். எனக்கு மறந்து போச்சு. இப்ப கீழ குனிஞ்சிண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது" என்றார்.

சபாவின் மொத்தப் பார்வையும் பனியனுக்குப் போய், பனியனிலிருந்து பாஷாவின் முகத்துக்கு வந்தது. பெரிய வித்வானைப் பார்க்கிற பார்வை. சங்கரன் கிட்டே வந்து குனிந்தார். "நீங்களா? அப்போ நீங்களே சொல்லுங்கோ. நாலாவது விதி இருக்கலாமா, வேண்டாமா?"

பாஷா ஸ்ரீநாத்தைப் பார்த்தார். ஸ்ரீநாத் துடுப்பைப் பார்த்தார்.

"சார், அத நான் சொன்னப்போ எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு" என்றார் பாஷா. "இந்த வண்டி சத்தத்துக்கு இன்னா கொற? நானே தூக்கத்துல கேப்பேன். ஆனா நீங்க பாட்டு கேக்கறவங்க. தாளம் போட்டது என் காலு. அதையும் ஒரு வார்த்த கேட்டுட்டு விதி போட்ருக்கலாம்."

யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி மட்டும் வானத்திலிருந்து பார்வையை இறக்கி, "அந்தா டீக்கடையில நம்ம அமீன் இருக்கான். வரச் சொல்லுங்க, ரெண்டு பேருமா இவரைத் தூக்கிருவோம்" என்றார். அவருடைய டிரக் தொட்டியில் யோகாப் பாய் அன்று முதல் முறையாக உபயோகப்பட்டது. பாஷாவை அதில் படுக்க வைத்து, காலை நீட்டி, டாக்டரிடம் கொண்டுபோனார்கள். சபா கூடித் தீர விவாதித்து விதியைத் திருத்தியது. உறுமாத வண்டிகள் இனி வரலாம், ஆனால் ரசிகர்களாக மட்டும். பாடக் கூடாது. பிறகு எல்லோரும் அடையாறில் பொங்கல் சாப்பிடப் போனார்கள்.

தை மாதம் அபிராமபுரம் வீட்டுக்கு எலக்ட்ரிக் கார் வந்தது. வெள்ளை நிறம். சிவப்பு வண்டிக்கு உறை போட்டு ஷெட்டில் நிறுத்தினார்கள். வாரம் ஒருமுறை ஸ்ரீநாத் அதை நின்ற இடத்திலேயே உறும விடுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

ஹாஜிரா பீ சந்தோஷப்பட்டாள். பாஷா படவில்லை. புது வண்டியில் இரண்டே மிதி. அதை ஓட்ட ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தால் போதும். முட்டி பிழைத்தது, சரி. இனி முட்டி வைத்திருக்கிற பாஷா எதற்கு? அவரே ஆசைப்பட்டு, அவரே பேசி, அவரே தன் சீட்டுக்கு ஆப்பு வைத்துக்கொண்டார் என்று தோன்றியது.

தோன்றின மாதிரியே போன் வந்தது. "பாய், நாளைக்கு லஸ் பிள்ளையார் கோயில்ல வண்டிக்குப் பூஜை. நான் ஓட்டறேன். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க."

பாஷா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக இடது பக்கம் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். ஸ்ரீநாத் நன்றாகத்தான் ஓட்டினார். கோயிலில் குருக்கள் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். "பண்ணியாச்சு" என்றார் ஸ்ரீநாத். குருக்கள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நம்பாமலே விலகினார். பழங்கள் நசுங்கின. எல்லாம் சுபம். பாஷா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

லஸ் முனையில் சிவப்பு. பிறகு பச்சை.

ஸ்ரீநாத் காலை வைக்கும் முன்னே பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக, கை எடுக்காமல். ஸ்ரீநாத்தின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. பாஷா மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. எதுவும் சொல்ல அவருக்கு இடமில்லை, பக்கத்து சீட்டுக்காரர்தானே.

ஸ்ரீநாத் கதவைத் திறந்து இறங்கினார்.

பாஷா பிளாட்பாரத்தைப் பார்த்தார். ஆனால் ஸ்ரீநாத் பிளாட்பாரத்துக்குப் போகவில்லை. பானெட்டைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா எறங்குங்க பாய். காலைப் பாத்து" என்றார்.

பாஷா இறங்கினார். அவசரப்படவில்லை, முட்டி விடாது. ஸ்ரீநாத் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவர் சுற்றி நடந்தார். பஸ் டிரைவர் ஹாரனை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! கோயில்ல சுத்தறத கோயில்லயே முடிச்சுட்டு வர்றதுதான? நடு ரோட்டுல இன்னா பிரதட்சணம்?"

பாஷா அவரைப் பார்த்து, இரு என்பது போல் கையைக் காட்டினார். உள்ளே உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார்.

"பெல்ட்டு போட்டுக்கங்க சார்."

ஸ்ரீநாத் போட்டுக்கொண்டார். பாஷாவின் இடது கால் பழக்கத்தில் நீண்டு, அங்கே இல்லாத கிளட்சை அடி வரைக்கும் மிதித்தது. வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் கிளம்பியது.